மைனா விட்டுப்போன செள்ளு

ஆட்டுத் தோலை மேசையில் விரித்தால் அந்த ஆடு எப்படி வாழ்ந்தது என்று சொல்லிவிடுவேன். முள்ளில் எங்கே உரசியது, எந்தப் பக்கம் படுத்தது, உண்ணி எத்தனை இடத்தில் கடித்தது, எல்லாம் தோலில் இருக்கும். பதனிடுகிற குரோம் உப்பில் ஊறி நீலமான பிறகும் உண்ணிக்கடி சின்னக் குழியாக நிற்கும். கண்ணுக்குத் தப்பினாலும் விரலுக்குத் தப்பாது. குழி கழுத்தோடு நின்றால் ஒரு தரம், முதுகுக்கு ஏறிவிட்டால் அதற்குக் கீழே ஒரு தரம். ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் இருபத்தொன்பது வருஷமாக இப்படித் தரம் பிரிக்கிறேன். செலக்‌ஷன் என்பார்கள். இவ்வளவு பெரிய கெட்டிக்காரனுக்குத் தன் தோலில் விழுந்த கடியைக் கண்டுபிடிக்க ஐந்து வாரம் ஆயிற்று.

அந்த மேசையைச் சுற்றி ஐந்து பேர் நிற்போம். தோலைப் புரட்டிக்கொண்டே பேசுவோம். கிரிக்கெட், கட்சி, பாலாற்றில் தண்ணீர் வருமா வராதா, யார் வீட்டுப் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள், எதுவும் பாக்கி கிடையாது. நாள் முழுவதும் என்னோடு பேசுகிற மனிதர்கள் அந்த நான்கு பேர்தான். மேசையை விட்டால் எனக்கு ஆள் இல்லை.

ஏனென்றால் வீட்டில் நான் ஒற்றை ஆள். நான்கு வருஷத்துக்கு முன் ஓசூரில் மகனுக்குக் குழந்தை பிறந்தது. பார்த்துக்கொள்ள மனைவி போனாள். மூன்று மாதம் என்றாள், பிறகு ஆறு மாதம் என்றாள், பிறகு சொல்வதையே விட்டுவிட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை என்றால் சமாதானம் பேசவாவது நாலு பேர் வருவார்கள். அவளுக்கு அங்கே இருக்கப் பிடித்திருந்தது, திரும்பி வரப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

இதைக் கம்பெனியில் நான் சொல்லவில்லை. முதல் மூன்று மாதம் சொல்ல அவசியம் இல்லை, அதற்குப் பிறகு சொல்ல வெட்கம். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்ததும் "அண்ணி இன்னா கொழம்பு வச்சிருக்காங்க?" என்று கேட்பார்கள். "காரக்கொழம்பு" என்பேன். காலையில் நானே வைத்த குழம்புதான். "இன்னைக்கு அவளுக்கு என் மேல கோவம் போல, உப்பு ஜாஸ்தி" என்று பழியையும் அவள் தலையில் போட்டுவிடுவேன். எல்லாரும் சிரிப்பார்கள். ஓசூரில் நிம்மதியாக இருந்தவளுக்கு ஆம்பூரில் இப்படி ஒரு கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தேன்.

இந்த வருஷம் வைகாசிக் கடைசியில் அரிப்பு தொடங்கியது. இடுப்பில், அக்குளில், கழுத்தில் சிவப்புப் புள்ளிகள். சொறிந்தால் தடித்தது. வாணியம்பாடியிலிருந்து வாலாஜாபேட்டை வரைக்கும் தோல் வேலைக்காரன் ஒருவன் உடம்பைச் சொறிந்தால் யாரும் வேறு காரணம் தேட மாட்டார்கள். குரோம் என்று முடித்துவிடுவார்கள். எனக்கும் அதுதான் தோன்றியது. தோலைத் தொடுகிற கையில் ஒரு புள்ளிகூட இல்லையே என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்த சூப்பர்வைசர், மேசையில் எதிரே நிற்கிறவனைத் துணைக்கு அனுப்பித் தோல் டாக்டரிடம் காட்டச் சொன்னார். என்னைவிடப் பத்து வயது இளையவன், பத்து வருஷமாக என்னை அண்ணா என்று கூப்பிடுகிறவன். டாக்டர் என் முதுகைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"வீட்ல வேற யாருக்காவது அரிப்பு இருக்கா? உங்க வீட்டுக்காரம்மாவுக்கு?"

பக்கத்தில் அவன் நிற்கிறான். நேற்று மதியம்தான் அவள் வைத்த புளிக்குழம்பை அவன் தட்டில் ஊற்றியிருக்கிறேன்.

"இல்ல டாக்டர். அவளுக்கு ஒண்ணும் இல்ல" என்றேன். அவன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரே வீட்ல இருக்கறவங்களுக்கு இல்லன்னா இது தொத்துற சொறி இல்ல. குரோம் அலர்ஜியாதான் இருக்கணும். மூணு வாரம் ஈரத்தோல் பக்கமே போகாதீங்க. அப்பவும் கேக்கலன்னா அந்த வேலையே உங்களுக்கு ஆகாது."

மறுநாளே ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். கொக்கி, நூல்கண்டு, பசை டின், நடுவில் ஒரு நாற்காலி. ஜன்னல் கிடையாது. யாராவது சீட்டைக் கொண்டுவந்து நீட்டினால் கேட்ட பொருளை எடுத்துக் கொடுக்க வேண்டும். சில நாள் மதியம் வரைக்கும் வாயைத் திறக்க வேலை இருக்காது. சுவருக்கு அந்தப் பக்கம் மேசையில் அவர்கள் சிரிப்பது கேட்கும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று மட்டும் கேட்காது. எனக்கு அழுகை வந்தது என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் வந்தது.

குரோமை விட்டு விலகியும் அரிப்பு அடங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, நாள் பூராவும் வீட்டில் படுத்திருந்தால், இன்னும் மோசம். மூன்றாவது ஞாயிறு வெள்ளைத் தலையணை உறையை மாற்றும்போது அதில் மிளகாய்ப் பொடி மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. தட்டிவிடப் போனேன். அது நடந்தது.

செல்லோ டேப்பை ஒட்டி ஏழெட்டு எடுத்துக்கொண்டு மறுநாள் காலையில் மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். கடிக்கிற பூச்சி என்றால் எனக்குத் தெரிந்தது அந்த ஆஸ்பத்திரிதான். முன்னால் இரண்டு ஆடு, ஒரு கன்றுக்குட்டி. என் முறை வந்ததும் டாக்டரம்மா என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"எங்க உங்க ஆடு?"

"கடி எனக்குத்தான் மேடம்" என்று டேப்பை நீட்டினேன்.

சிரித்துக்கொண்டேதான் மைக்ராஸ்கோப்பில் வைத்தார். பிறகு சிரிக்கவில்லை.

"கோழிச்செள்ளு ஜாதி இது. கோழி வளர்க்கறீங்களா? இல்லையா? அப்ப வீட்ல எங்கயாவது குருவி, புறா, மைனா கூடு கட்டியிருக்கா?"

இருந்தது. படுக்கைக்கு மேலே வென்டிலேட்டரில் கண்ணாடி உடைந்த சந்தில் மைனா கூடு கட்டியிருந்தது. பங்குனியிலிருந்து அதன் சத்தம்தான் வீட்டில் சத்தம். குஞ்சுகள் பறந்துபோய்ச் சந்தடி நின்றபோது எனக்கு ஒரு மாதிரியாகக்கூட இருந்தது. அதைச் சொன்னேன்.

"அதான். குஞ்சு இருந்த வரைக்கும் அதுங்க ரத்தத்தைக் குடிச்சிட்டு கூட்டுலயே கெடந்திருக்கும். கூடு காலியானதும் பசி. கீழ எறங்கி, பூனையோ நாயோ மனுசனோ, இருக்கறதைக் கடிக்கும். மனுச ஒடம்புல தங்காது, பயப்படாதீங்க. கூட்டை எடுத்துட்டு மருந்தடிச்சா போயிடும்." எழுதிக்கொண்டே கேட்டார். "ஆனா வீட்ல எல்லாரையும் கடிச்சிருக்குமே?"

"நான் மட்டும்தான் மேடம் இருக்கேன்."

நான்கு வருஷத்தில் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் தலையை ஆட்டிவிட்டு மருந்தின் பெயரை எழுதினார். அவருக்கு அது ஒரு விவரம், அவ்வளவுதான். எனக்கு வெளியே வந்து வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருந்தது. வீட்டில் இன்னோர் ஆள் இருந்திருந்தால் அவரையும் கடித்திருக்கும். இரண்டு பேரும் சொறிந்துகொண்டு முதல் வாரமே வீட்டைச் சந்தேகப்பட்டிருப்போம். ஒற்றை ஆளாக இருந்ததால் நான் என் உடம்பைச் சந்தேகப்பட்டேன், என் வேலையைச் சந்தேகப்பட்டேன்.

கூட்டை எடுத்தேன், மருந்தடித்தேன், சந்தில் கம்பிவலை அடித்தேன். ஒரே வாரத்தில் அரிப்பு போயிற்று. ஆனால் மேசைக்குத் திரும்ப வேண்டும் என்றால் தோல் டாக்டர் சீட்டு கொடுக்க வேண்டும். அவரிடம் வீட்டுக்காரி வீட்டில் இல்லை என்ற உண்மையைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால், அன்று துணைக்கு வந்தவனிடம் சொல்ல வேண்டும். கம்பெனி கேட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

அவன் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான்.

"தெரியும்ணா" என்றான். "தீபாவளிக்கு முன்னாடி ஓசூர் பஸ் ஸ்டாண்டுல அண்ணியைப் பாத்தேன். கொழந்தையை வச்சிருந்தாங்க. இங்கதான் இருக்கேன்னாங்க. நம்ம மேசையில எல்லாருக்கும் தெரியும்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "தெரிஞ்சுமா டாக்டர்கிட்ட வாயை மூடிக்கிட்டு நின்ன? மூணு வாரம் என்னை அந்தப் பொந்துல ஒக்கார வச்சிட்டியேடா!"

"நீங்க சொல்லும்போது பக்கத்துல நின்னுக்கிட்டு 'இவரு பொய் சொல்றாரு டாக்டர்'னு எப்பிடிணா சொல்றது? எனக்கு இது பூச்சின்னா தெரியும்? உங்க மானம் போகக் கூடாதுன்னுதான்."

கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் குரலைத் தாழ்த்தினேன். டாக்டரிடம் போனதையும், சீட்டு வாங்கியதையும், அடுத்த திங்கட்கிழமை மேசைக்குத் திரும்பியதையும் விவரமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. எல்லாம் சுலபமாக நடந்தது. அன்று டீக்கடையில் நான் கேட்ட இன்னொரு கேள்விதான் பாக்கி. கேட்காமல் விட்டிருக்கலாம்.

"சரி, தெரிஞ்சுபோச்சு இல்ல. ஒருத்தன் தனியா கெடக்கறானேன்னு ஒரு நாளாவது வீட்டுப் பக்கம் வரணும்னு உங்க யாருக்கும் தோணலையா?"

அவன் கிளாஸைக் கீழே வைத்தான்.

"வந்தோம்ணா. பொங்கல் அன்னைக்கு நாலு பேரும் கெளம்பினோம். வாசல்ல வந்து நின்னா அண்ணி எங்கன்னு கேட்டாகணும். கேக்கலன்னா எங்களுக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரிஞ்சிடும். கேட்டா நீங்க இன்னா சொல்லுவீங்க? உங்களுக்குத்தான் பேஜார். அதான் பாதியில திரும்பிட்டோம்."

பாதி என்றால் எது வரைக்கும் வந்தீர்கள் என்று கேட்டேன்.

"உங்க தெருமொனை வரைக்கும்" என்றான்.

பொங்கல் அன்றைக்கு நாள் முழுவதும் நான் வீட்டில்தான் இருந்தேன்.