தோடம்பழச் சங்கத்தின் இக்காஸ்ட் கிளை

அந்துருண்டையும் பைப் புகையிலையும் கலந்த ஒரு வாசனை சென்ற இலையுதிர் காலத்திலிருந்து என் அலுமாரியில் குடியிருக்கிறது. கதவைத் திறக்கும்போதெல்லாம் என் பழைய முட்டாள்தனம் ஒன்று வெளியே வந்து சுகம் விசாரித்துவிட்டுப் போகும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அயர்லாந்துப் புரட்டஸ்தாந்துக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொடியில் எழுதித் தூக்கிச் சுமக்கும் வில்லியம் மன்னனின் நெற்றியில் சந்தனம் தடவி, அதன் நடுவே குங்குமப் பொட்டும் வைத்தவன் நான். வெள்ளைக் குதிரை, கையில் வாள், பின்னால் ஓர் ஆறு. பதினொரு வயதில் எனக்குத் தெரிந்த குதிரைக்காரர் ஒருவர்தான்: எங்கள் ஊர் ஐயனார். ஐயனார் வெறும் நெற்றியோடு வீதியுலா போவதா என்று பதறிப்போய்ச் செய்த காரியம் அது.

கொடி டேவி அங்கிளுடையது. டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரத் தொடர்மாடியில் எங்களுக்கு எதிர்க்கதவுக்காரர். வடஅயர்லாந்தில் அன்ட்ரிம் பக்கத்துக் கிராமமொன்றில் பிறந்து, கிர்ஸ்டன் என்ற டேனிஷ்காரியைக் கட்டி, அப்பா வேலை செய்த துணி ஆலையில் மேற்பார்வையாளராக இருந்தார். அப்பாவைவிட இருபது வயது மூப்பு. அப்பா அவரை "டேவி அண்ணை" என்பார். அதுதான் தன் பெயரின் தமிழ் வடிவம் என்று நம்பி, எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தால் அவரும் "டேவி அண்ணை பேசுகிறேன்" என்றே தொடங்குவார்.

அவர் தகப்பன் வழியிலும் பாட்டன் வழியிலும் ஒரு புரட்டஸ்தாந்துச் சகோதர சங்கத்தைச் சேர்ந்தவர். அதன் உறுப்பினர்கள் ஒவ்வொரு யூலை பன்னிரண்டும் கறுப்புத் தொப்பி, வெள்ளைக் கையுறை, கழுத்தில் செம்மஞ்சள் பட்டி சகிதம் மேளம் முழங்க ஊர்வலம் போவார்கள். கத்தோலிக்க மன்னன் ஜேம்ஸை வில்லியம் பொய்ன் ஆற்றங்கரையில் தோற்கடித்த நினைவு அது. அந்த வெற்றியால்தான் தாங்கள் தாங்களாக, பிரித்தானிய முடிக்கு விசுவாசிகளாக, இருக்கிறோம் என்பது அவர்களின் நம்பிக்கை. டேவி அங்கிள் ஐந்து வயதிலிருந்து ஒரு யூலையையும் தவறவிட்டதில்லை. டென்மார்க்கில் குடியேறிய பிறகும் கப்பலேறிப் போய் நடந்துவிட்டு வருவார். அந்தப் போரில் வில்லியமின் பக்கம் டென்மார்க்குப் படையும் நின்றதாம். ஆலைச் சாப்பாட்டறையில் டேனிஷ்காரரின் கையைப் பிடித்து, "நீங்கள் இல்லாவிட்டால் நாங்கள் வென்றிருக்கமாட்டோம்" என்று குலுக்குவார். அவர்கள் எதில் வென்றோம் என்று தெரியாமலே நன்றி சொல்லிவிட்டு உருளைக்கிழங்குக்குத் திரும்புவார்கள்.

நான் சொல்லவந்தது, டென்மார்க் காற்பந்தில் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற கோடை. அரையிறுதியில் செம்மஞ்சள் சட்டைக்கார ஹொலண்டையும் இறுதியில் ஜேர்மனியையும் மடக்கிய மயக்கம் தெளியாமல் இக்காஸ்ட் முழுவதும் சிவப்பும் வெள்ளையுமாகக் கிடந்தது. எதிர்க்கதவுக்குள் மட்டும் சத்தமில்லை. டேவி அங்கிளுக்கு மே மாதம் நெஞ்சில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. தினமும் நட, பயணம் மட்டும் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். "நடக்கலாமாம், ஊர்வலம் போகக்கூடாதாம்" என்று படியில் கண்ட அப்பாவிடம் சிரிக்கப் பார்த்தவரின் வாய் கோணிப்போயிற்று. அப்பா சப்பாத்தைக் கழற்றாமலே உள்ளே வந்து சொன்னார்:

"அந்த மனிசன் பட்டியும் போட்டுக்கொண்டு தனியக் கார் தரிப்பிடத்தைச் சுத்தி நடக்கப்போறாராம். ஒராள் நடந்தா அது ஊர்வலமோ? உலாத்தல்!"

அப்பாவுக்கு அது பொறுக்காததற்குக் காரணம் இருந்தது. நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து இக்காஸ்டுக்கு வந்த முதல் தீபாவளிக்கு வீடேறி வர ஒரு சனமில்லை. எதிர்க்கதவுக்காரர்தான் கோட்டும் சூட்டுமாக வந்து மணியடித்து, "இன்று உங்கள் பெருநாளாம், விருந்தாளி வேண்டுமே" என்று உட்கார்ந்தவர். விக்கிரகம் ஆகாதென்பதால் சாமிப் படங்களின் பக்கம் அவர் திரும்பவில்லை. வடைத் தட்டின் பக்கமிருந்தும் திரும்பவில்லை.

ஊர்வலமென்றால் மேளம் வேண்டும். இக்காஸ்டில் மேளம் வைத்திருந்தவர் அப்பாவின் ஊர்க்காரரான செல்வம் மாமா. பத்திரிகையை விளம்பரம் விடாமல் வாசிக்கிறவர். எங்கள் குசினியில் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுத் தொடங்கினார்.

"உனக்கென்ன விசரே? அயர்லாந்து எண்டவுடனை எங்களைப்போல எண்டு நினைச்சியோ? விடுதலை கேட்டவை வேறை ஆக்கள். இவர் மற்றப் பக்கம், மகாராணிதான் வேணுமெண்டு நிண்ட பக்கம். தோடம்பழச் சங்கம்!"

அந்தச் சங்கத்தின் பெயர் ஒரேஞ்சு; அந்தப் பழத்துக்கு எங்கள் ஊரில் தோடம்பழம் என்று பெயர். சங்கத்துக்கும் அந்தக் கணமே அது நிலைத்துவிட்டது.

"தெரியும்," என்றார் அப்பா.

"தெரிஞ்சுமோ? எங்களை அடக்கினவன் எங்கட ஒழுங்கைக்குள்ளாலை மேளம் அடிச்சுக்கொண்டு போனா நீ வாசல்ல நிண்டு கை தட்டுவியோ?"

அப்பா ஏற்கெனவே துப்புரவாயிருந்த மேசையைத் துடைத்தார்.

"அங்கை எண்டா நானும் போகமாட்டன். இஞ்சை அவர் ஆரை அடக்கப்போறார்? கிர்ஸ்டனையே அடக்க ஏலாது." பிறகு, தோற்கப்போகும் வழக்கறிஞரின் உற்சாகத்தோடு, "அதோடை அந்த வில்லியம் ஆர்? ஒல்லாந்துக்காரன். அந்தக் காலம் யாழ்ப்பாணக் கோட்டையில ஆர் இருந்தது? அதே ஒல்லாந்தர். அப்பிடிப் பாத்தா எங்களுக்கும் ராசாதான்," என்றார்.

"அப்ப வரி கட்டினது காணாதெண்டு இப்ப மேளமும் அடிக்கோணுமோ?" என்றபடி செல்வம் மாமா எழுந்து போய்விட்டார்.

அந்த ஆண்டு பன்னிரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. கர்த்தரின் நாளில் ஊர்வலம் கூடாது, திங்களன்றுதான் என்றார் டேவி அங்கிள். அம்மா பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு, திங்களென்றால் ஒன்பது மணிக்குள் ராகுகாலம் கழிந்துவிடும், மிகவும் நல்லது என்றார். இரண்டு சமயங்கள் இவ்வளவு சுலபமாக உடன்பட்டதை நான் அதன்பிறகு கண்டதில்லை. அம்மா தன் செம்மஞ்சள் நைலெக்ஸ் சேலையைக் கத்தரித்து எங்கள் எல்லோருக்கும் பட்டி தைத்தார். "ஆரோ ஒரு ராசாவுக்காக என்ர சீலை போச்சு," என்று தையல் மெசினிடம் முறையிட்டார். ஆனாலும் ஒவ்வொரு பட்டிக்கும் சரிகைக் கரை வைத்துத் தைத்திருந்தார்.

முதல்நாளே எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்திருந்த கொடியைக் காலையில் விரித்தபோது டேவி அங்கிள் பொட்டைக் கண்டார். சிவந்த முகம் இன்னும் சிவந்தது. "இது என்ன?" என்றார். அப்பா என்னைப் பார்த்த பார்வையிலேயே என் மத்தியானச் சாப்பாடு போயிற்று. டேனிஷ் நன்றாகப் பேசும் அப்பாவுக்கு அந்த நேரம் பார்த்து வாயில் வந்தது மரியாதைக்கான ஒரே ஒரு சொல்: "றெஸ்பெக்ற்." டேவி அங்கிள் மன்னனை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு தொப்பியைச் சரிசெய்து, "இதைவிட மோசமானதையெல்லாம் அவர் தாங்கியிருக்கிறார்," என்றுவிட்டு முன்னால் போய் நின்றார்.

கொடியின் ஒரு கம்பு அப்பாவிடம், மற்றது என்னிடம். தங்கச்சியிடம் பள்ளிக்கூடத்துப் புல்லாங்குழல். அவளுக்கு வாசிக்கத் தெரிந்த ஒரே மெட்டு, யேசு பிறந்த நத்தாருக்கு உரியது. அம்மாவும் கிர்ஸ்டனும் பின்னால். புறப்படப்போகும் நேரத்தில் ஒரு பழைய கார் வந்து நின்றது. செல்வம் மாமா தவிலோடு இறங்கினார்.

"நான் அரசியலுக்கு வரேல்லை. நீங்கள் தாளம் பிழைச்சு நடந்து எங்கட மானத்தை வாங்குவியள், அதுக்குத்தான் வந்தனான்," என்றார். "எனக்கெங்கை பட்டி?"

அம்மா அவருக்கும் ஒன்று தைத்து வைத்திருந்தார்.

நடந்தோம். யூலை நத்தார்ப் பாட்டு, யாழ்ப்பாணத் தவில், பொட்டு வைத்த மன்னன், அவருக்கு முன்னால் வெள்ளைக் கையுறையோடு ஒரு நிமிர்ந்த முதுகு. விடுமுறைக்காலமாதலால் சனமெல்லாம் "புதினம் பார்க்க" வாசலுக்கு வந்தது. வீதிக்கு அப்பால் மஞ்சள் செங்கல் வீட்டு வாசலில் எங்களுக்கு முன்பின் தெரியாத ஒரு பெண் முதலில் கைதட்டினார். பிறகு தெருவே தட்டியது. அதைக் கேட்டதும் டேவி அங்கிளின் முதுகு இன்னும் ஓர் அங்குலம் உயர்ந்தது, என் கொடியும்தான். இந்த நாட்டில் எங்களைப் பார்த்து யாரும் கைதட்டியது அதுதான் முதல் தடவை. சலவைக் கட்டடத்தின் பின்புறப் புற்றரையில் ஊர்வலம் முடிந்தது. டேவி அங்கிள் தொப்பியைக் கழற்றிப் பிடித்தபடி எங்கள் ஒவ்வொருவரின் முன்னும் வந்து நின்று கைகொடுத்தார், தங்கச்சிக்கும்கூட. "ஒரு யூலையும் தவறவில்லை," என்றார். செல்வம் மாமா அவசரமாகத் தவிலின் வாரை இறுக்கத் தொடங்கினார்.

பின்னாளில் கோப்பன்ஹேகனில் படித்த காலத்தில் அயர்லாந்து வரலாற்றைப் புரட்டினேன். அந்த ஊர்வலங்கள் சில தெருக்களில் வென்றவன் தோற்றவனின் வாசலில் போய் மேளம் அடிப்பதாகவும் இருந்தன என்று அறிந்தேன். செல்வம் மாமா பத்திரிகை வாசித்தது வீண்போகவில்லை. விடுமுறைக்கு வந்தபோது டேவி அங்கிளிடமே கேட்டேன். "தெரியும்," என்றார், அப்பா குசினியில் சொன்ன அதே தொனியில். "நான் நடந்தது என் தகப்பனுக்குப் பக்கத்தில்." அது விடையாகுமா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் நான் நடந்ததும் என் தகப்பனுக்குப் பக்கத்தில்தான். அதில் எனக்குள்ள பெருமையை எந்தப் புத்தகமும் குறைக்கவில்லை.

இப்போது அந்த ஆலை இல்லை. செல்வம் மாமாவும் தவிலும் கனடாவுக்குப் போய்விட்டார்கள். புற்றரையில் சைக்கிள் கொட்டகை நிற்கிறது. டொக்டர் சொல்லைத் தட்டாமல் முப்பது வருடத்துக்கு மேல் நடந்த டேவி அங்கிள் சென்ற இலையுதிர் காலத்தில் நின்றுவிட்டார். அடக்கம் முடிந்து கோப்பி குடிக்கும்போது கிர்ஸ்டன் கொடியை என் கையில் தந்தார். பொட்டு மங்கியிருந்தது, யாரும் துடைக்கவில்லை. ஒடென்சே நகரிலிருந்து வந்திருந்த நான் அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி, தெருவே எழுந்து கைதட்டியதைப் பற்றி, எல்லோருக்கும் டேனிஷில் ஒரு பிரசங்கமே செய்தேன். முடித்ததும், கிர்ஸ்டனின் முதியோர் கழகத் தோழி ஒருவர், அந்த மஞ்சள் செங்கல் வீட்டில் முன்பு இருந்தவராம், கேக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அது நீங்களா?" என்றார். "நான் இத்தனை வருடமும் ஹொலண்ட் ரசிகர்கள் என்றல்லவா நினைத்திருந்தேன். தோற்ற பிறகும் மேளம் அடித்துக்கொண்டு போகிறார்களே, பாவம் என்றுதான் கைதட்டினேன்."