வால்பாறை குரூப் போட்டோ

மே மாதத்தில் மலை ஏறுகிறவனைப் போல முட்டாள் வேறு எவனும் இல்லை. வருஷா வருஷம் இதைச் சொல்லிக்கொண்டே நானும் ஏறுகிறேன். கோயமுத்தூரில் வெயில் மண்டையைப் பிளக்கிறது என்று ஊரே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பும். மேலே போய்ப் பார்த்தால் கீழே இருந்த அத்தனை பேரும் அங்கே நிற்பார்கள். அதே ஹாரன், அதே பிளாஸ்டிக் குப்பை, அதே பிரியாணிப் பொட்டலம். போன கோடையில் வால்பாறைக்குப் போனோம். ஆழியாறு தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததும் வேனுக்குள் ஒருவர் மாற்றி ஒருவர் வாந்தி. மூக்கில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் சுருண்டு கிடந்தேன். அந்தப் பயணத்தில் எனக்குக் குமட்டியது அது ஒன்றோடு முடிந்திருந்தால் எவ்வளவோ தேவலை.

வேனில் வந்தது நானும் என் மனைவியும், அவளுடைய தம்பி குடும்பமும், தம்பி மனைவியின் சொந்தக்காரர்கள் சிலரும். மச்சினனுக்கு சோமனூரில் விசைத்தறிக் கூடம். எனக்கு கணபதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை. எங்களுக்குக் குழந்தை இல்லை. மச்சினன் மகள் பள்ளிக்கூடம் படித்ததெல்லாம் எங்கள் வீட்டில் இருந்துதான். தலை சீவி, சோறு கட்டி, காய்ச்சல் வந்தால் மடியில் போட்டு, எல்லாம் என் மனைவி. நாங்கள்தான் அவளைப் பெற்றவர்கள் என்று நினைத்து ஹெட்மாஸ்டரே எங்களைத் திட்டியிருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு இப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் மனைவியின் வலது கன்னத்தில் ஒரு வெண்திட்டு உண்டு. கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து உதட்டோரம் ஒரு பொட்டாக ஆரம்பித்தது. கன்னத்துக்குப் பரவி, பிறகு விரல்களுக்கும் வந்தது. ஒட்டாது, உயிருக்கு ஒன்றும் இல்லை என்று பார்த்த டாக்டர்கள் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். டாக்டர் சொன்னால் கேட்கிற ஜனமா இது? விசேஷ வீட்டில் அவள் குங்குமச் சிமிழை எடுத்தால், "நீங்க உக்காருங்கக்கா, நா குடுத்துக்கறேன்" என்று பிடுங்கிக்கொள்வார்கள். அவள் குடித்த டம்ளரைத் தனியாக ஒதுக்கி வைப்பதைப் பார்த்திருக்கிறேன். தூ, அதையும் சிரித்துக்கொண்டே செய்வார்கள்.

அதனால் கேமராவைக் கண்டால் அவள் முகத்தை வலப்பக்கமாகத் திருப்பிக்கொள்வாள். என் பொழுதுபோக்கே போட்டோ எடுப்பது. வாலிபத்தில் வாங்கிய பிலிம் கேமராவை இன்னும் விடவில்லை. கறுப்பு வெள்ளை ரோல் போட்டு எடுத்து, பாத்ரூமை இருட்டாக்கி நானே கழுவி, நானே பிரிண்ட் போடுவேன். "வூடு பூரா மருந்து வாடைங்க" என்று அவள் முனகுவாள். என் அலமாரி முழுக்க அவள் படம்தான். எல்லாவற்றிலும் இடது கன்னம் மட்டும்.

மச்சினன் வால்பாறைக்கென்றே புதுக் கேமரா வாங்கியிருந்தான். கண் எங்கே இருக்கிறது என்று அதுவே தேடிப் பிடிக்கிறதாம். போதாததற்கு வீட்டில் ஆளுக்கொரு புது போன். டீத்தோட்டத்தைக் கண்டால் வேனை நிறுத்து, இறங்கு, துப்பட்டாவைப் பறக்கவிடு, எடு, பார், முகம் சுளி, மறுபடி எடு. மலையை ஒருத்தரும் பார்க்கவில்லை. எடுத்த படத்தில் மலை எப்படி இருக்கிறது என்றுதான் பார்த்தார்கள். நான் பிலிமைச் சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்து மச்சினன் கேட்டான்.

"மாமா, இது இன்னும் உசுரோட இருக்குதுங்களா?"

"உன்னுது எத்தன நாளைக்கு இருக்குதுன்னு பாக்கலாம் மாப்ளே."

மறுநாள் காலையில் மற்றவர்கள் குளித்துக்கொண்டிருந்தபோது நானும் என் மனைவியும் தங்கியிருந்த இடத்துக்குப் பின்னால் இருந்த டீச்சரிவில் நடந்தோம். பனி அப்போதுதான் விலகியிருந்தது. அவள் நின்று, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, என் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, நேரா ஒண்ணு எடுங்க."

நான் அப்படியே நின்றுவிட்டேன். "ஏம்புள்ள, வெளிச்சம் அந்தக் கன்னத்துலதான் அடிக்குது. நல்லாத் தெரியும்."

"தெரியட்டுமுங்க. புள்ள கல்யாணத்துல தட்டத் தூக்கிட்டு ஊருக்கு முன்னால நிக்கப்போறேன். அங்கயும் மூஞ்சியத் திருப்பிட்டே நிக்க முடியுமுங்களா? இங்கயே பழகிக்கறேன்."

சிரிக்கவில்லை. நேராகப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை அமுக்கினேன். ரோல் முடிந்து கழுவினால்தான் அது எப்படி வந்திருக்கிறது என்று தெரியும். அவளும் காட்டுங்கள் என்று கேட்கவில்லை. இத்தனை வருஷமாக எடுத்தும் கிடைக்காதது கேமராவுக்குள் இருக்கிறது என்ற சந்தோஷத்தில், அன்றைக்கு மத்தியானம் குரங்கு என் பஜ்ஜியைப் பிடுங்கிக்கொண்டு போனதற்குக்கூட நான் கோபப்படவில்லை.

கிளம்பும்போது எல்லோரையும் வரிசையாக நிறுத்தி ஒரு குரூப் போட்டோ எடுத்தார்கள். மச்சினன் மகளின் போனில் எடுத்தது. எஸ்டேட் ஆள் ஒருவரைப் பிடித்து அமுக்கச் சொன்னார்கள். என் மனைவி நடுவில், அந்தப் பெண்ணின் தோளில் கை போட்டபடி, அதிலும் நேராகவே பார்த்து நின்றாள்.

ஊர் வந்து கொஞ்ச நாள் கழித்து அந்தப் படம் குடும்ப வாட்ஸாப்பில் வந்தது. பட்டறையில் எண்ணெய்க் கையோடு திறந்து பார்த்தேன். ஏதோ உறுத்தியது. பெரிதாக்கிப் பார்த்தேன். என் மனைவியின் கன்னத்தில் திட்டு இல்லை. உதட்டில் இல்லை. முகம் வழவழவென்று பிளாஸ்டிக் பொம்மை மாதிரி இருந்தது. தோளில் கிடந்த கையில் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிசைந்த மாவு மாதிரி இருந்தன. சரி, இந்த போன்களே அப்படித்தான், எல்லோரையும் வெளுக்கும் என்று மற்ற முகங்களைப் பார்த்தேன். மச்சினன் மனைவியின் மரு இருந்த இடத்திலேயே இருந்தது. மச்சினனின் முன்பல் இடுக்கு இருந்தது. என் சொட்டையில் வெயில் பளபளத்தது. துடைக்கப்பட்டது ஒரே ஒரு முகம்.

மச்சினனுக்கு போன் போட்டேன்.

"அது போனே அப்பிடிப் பண்ணிக்குதுங்க மாமா."

"போனுக்கு எம் பொண்டாட்டி மேல மட்டும் என்னடா அத்தன அக்கற?"

சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டான். சோமனூரில் சிக்னல் இல்லையாம்!

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு விரலால் பெரிதாக்கி, சின்னதாக்கி, மறுபடி பெரிதாக்கி. "நல்லாத்தான் இருக்குது" என்றாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அரிசி ஊறவைக்க எழுந்து போனாள். 

ஆடி கழிந்ததும் இடம் அமைந்துவிட்டது. நிச்சயத்துக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின வாரம் மச்சினன் மனைவி மட்டும் தனியாக கணபதிக்கு வந்தாள். வாசலில் கால் வைக்கும்போதே "அண்ணி, எளச்சுட்டீங்களே" என்று ஆரம்பித்தாள். என் மனைவி சந்தகை பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றி வைத்தாள். வந்தவள் மூக்கு முட்டத் தின்றாள். தின்றுகொண்டே பேசினாள்.

"அண்ணி, நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாதுங்க. மாப்பிள்ள ஊட்டுக்காரங்க அந்தியூர்ப் பக்கம், கொஞ்சம் பழைய ஆளுங்க. ஜாதகத்தோட அந்த குரூப் போட்டோவத்தான் அனுப்பியிருக்கறமுங்க. இப்ப நீங்க நேர்ல வந்து நின்னா, ஏன் மறைச்சீங்கன்னு கேப்பாங்கல்லங்க? பரம்பரையா வரும்னு அவங்களா நெனச்சுக்குவாங்க. நிச்சயத்துக்கு மட்டும் நீங்க ஊட்டுல ரெஸ்ட் எடுங்க. இல்லீன்னா பியூட்டி பார்லர்ல ஒரு கிரீம் இருக்குதாமா, பூசுனா தெரியவே தெரியாதாமா. உங்க நல்லதுக்குத்தானுங்க சொல்றேன்."

எங்கள் ஊர் மரியாதையை வெளியூர்க்காரர்கள் ஆகா ஓகோ என்பார்கள். வந்து பார்க்கட்டும். ஒருத்தி வீட்டில் உட்கார்ந்து, அவள் கையால் பிழிந்ததைத் தின்றுகொண்டே, வார்த்தைக்கு ஒரு 'ங்க' போட்டு அவள் கழுத்தை அறுக்கலாம். ரத்தம் ஒரு சொட்டுக்கூடக் கீழே விழாது. அந்த விரல் தொட்டால் தீட்டு என்கிறவர்களுக்கு அந்த விரல் பிழிந்த சந்தகை மட்டும் எப்படி இறங்குகிறது என்று எனக்கு இன்றைக்கு வரை புரியவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எங்க உம் புருசன்? கூப்புடு அவன. கூடப் பொறந்தவ மூஞ்சிய அழிச்ச கைய நாம் பாக்கோணும்."

"அய்யோ, அவரு இல்லீங்கண்ணா. புள்ளதான் போன்ல அழிச்சா. நாங்ககூட வேண்டாம்னுதான் சொன்னமுங்க."

பால் கிண்ணத்தோடு குனிந்திருந்த என் மனைவியின் கை அப்படியே நின்றது.  பிறகு, "இன்னுங்கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்று கேட்டு, ஊற்றினாள்.

மச்சினன் மனைவி போனதும் நான் குதித்தேன். இனி அந்த வாசலை மிதிக்கக் கூடாது, கல்யாணமும் வேண்டாம் கருமாதியும் வேண்டாம், உறவே அற்றது என்று கத்தினேன். என் மனைவி எச்சில் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"நா போகலீன்னா அந்தப் போட்டோதானுங்க நெசமாயிரும்."

போனோம். சோமனூரில் ஒரு மண்டபம். அவள் அரக்குப் பட்டு கட்டியிருந்தாள். கிரீம் என்ன, பவுடர்கூடப் போடவில்லை. உள்ளே நுழைந்ததும் மச்சினன் முகம் தறியில் நூல் அறுந்தது போல ஆயிற்று. அவன் மனைவி "வாங்கண்ணி" என்று பல்லைக் காட்டிவிட்டு, கூலிக்கு வந்த போட்டோக்காரர்களிடம் ஓடிப்போய் ஏதோ குசுகுசுத்தாள். அதற்கப்புறம் அவர்கள் விளக்கு எங்கள் பக்கமே திரும்பவில்லை. சொந்தக்காரப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து, "உக்காருங்கக்கா, ஏன் நிக்கறீங்க" என்று பின்வரிசையைக் காட்டினார்கள். என்ன கரிசனம்! அவள் உட்காரவில்லை. தட்டு வரிசை எடுக்கும்போது பூவும் பழமும் உப்பும் சர்க்கரையும் வைத்த தட்டைத் தானே எடுத்துக்கொண்டு முன்னால் போய் நின்றாள். அத்தனை பேர் முன்னால் அதைப் பிடுங்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. நான் பழைய கேமராவோடு பக்கவாட்டில் நின்றேன். வால்பாறை ரோல் அதில் இன்னும் மிச்சம் இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா தட்டு வாங்க எழுந்து வந்தவர், யாரோ எவரோ என்று என் மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உட்கார்ந்திருந்த பெண்ணிடம் குனிந்தார்.

"உன்ன வளத்துன அத்தையாமா, போட்டோவுல பக்கத்துல நின்னாங்களே. வரலையா கண்ணு?"

அந்தப் பெண் தலையைத் தூக்கினாள். ஒரு எட்டு தள்ளித்தான் அத்தை நின்றாள். பார்த்தாள். பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு வளையலைத் திருகினாள்.

"வரலீங்க."

 கேமராவைத் தூக்கி வீசிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. என் மனைவி ஒரு எட்டு முன்னால் வைத்தாள். குரல் உயரவே இல்லை.

"போட்டோவுல இருக்கறவ வரலீங்க. வளத்துனவ நாந்தானுங்க, வந்திருக்கறேன். தட்ட வாங்கிக்குங்க."

அந்த அம்மாள் முகத்தைப் பார்த்தார். விரல்களைப் பார்த்தார். சம்பந்தி வீட்டைத் திரும்பிப் பார்த்தார். ஊரே பார்த்துக்கொண்டிருந்ததால் கடைசியில் கையை நீட்டினார். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, என் மனைவியின் விரல் படாத ஓரமாகப் பார்த்துத் தட்டைப் பிடித்தார். "சந்தோசமுங்க" என்று வேறு சொன்னார். அப்போதுதான் அமுக்கினேன். வால்பாறை வளைவில் வராதது அங்கே தொண்டை வரைக்கும் வந்தது.

நிச்சயம் நின்றுபோகவில்லை. அதெல்லாம் எங்கள் ஆட்கள் நிறுத்த மாட்டார்கள். வழக்கப்படி உப்பும் சர்க்கரையும் கைமாறின, சாப்பாட்டில் பாயசம் இரண்டு வகை. நாங்கள் கை நனைக்காமல் வந்துவிட்டோம். பிறகு கல்யாணமும் நடந்தது. அதற்கு நாங்கள் போகவில்லை. என் மனைவி போகலாம் என்றுதான் சொன்னாள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

மிச்ச ரோலைப் பட்டறையிலும் தெருவிலும் எடுத்து முடித்துவிட்டுக் கழுவினேன். டீச்சரிவும் தட்டும் ஒரே பிலிமில் வந்தன. இரண்டையும் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தேன். எனக்குத் தட்டுப் படத்தில் அந்த அம்மாள் கையில் சுற்றிய முந்தானைதான் கண்ணில் குத்தியது. கிழித்துப் போடலாம் என்றுகூடத் தோன்றியது. அவள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ரெண்டுலயும் நேராத்தான் பாத்திருக்கறேன் பாருங்க" என்றாள். ஆணி அடிக்கச் சொன்னாள்.

போன வாரம் அந்தப் பெண்ணிடமிருந்து போன் வந்தது. கல்யாணத்துக்கு அப்புறம் முதல் தடவை. என் மனைவி ஸ்பீக்கரில் போட்டாள். நிச்சயத்து ஆல்பம் வந்துவிட்டதாம். குரல் கம்மியிருந்தது.

"அத்த, ஆல்பத்துல நீங்க ஒண்ணுலகூட இல்லீங்க. மாமா அன்னைக்கு ஒண்ணு எடுத்தாங்களே, அத வாட்ஸாப்புல அனுப்பச் சொல்லுங்க."

என் மனைவி வையப்போகிறாள் என்று நினைத்தேன். அழுவாளோ என்றும் நினைத்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே, சின்ன வயதில் அந்தப் பெண்ணைத் தூங்கவைத்த அதே குரலில் சொன்னாள்.

"போன்ல அனுப்புனா நீ அழிச்சுப்போடுவ கண்ணு. செவுத்துல மாட்டியிருக்கறோம். ஊட்டுக்கு வந்து பாத்துட்டுப் போ."