வாடாத பூ

நான் இருந்தேன். என் மனைவி இருந்தாள். அவளுடைய தம்பி இருந்தான். மண்ணுக்குள் எங்கள் மகள் இருந்தாள்.

அன்று கல்லறைத் திருநாள். தாம்பரம் பக்கத்தில் கல்லறைத் தோட்டம். நாலு மணிக்குக் கோயில் ஃபாதர் வந்து ஒவ்வொரு கல்லறையாக மந்திரிப்பார். அதற்குள் கல்லறை மேட்டைச் சுத்தம் செய்து, சிலுவைக்கு வெள்ளையடித்து, மெழுகுவர்த்தி வைக்க வேண்டும்.

மகள் காய்ச்சலில் போனாள். பத்தொன்பது வயது. முதலில் ஞாயிறுதோறும் ரோஜா வைத்தோம். இங்கே அடிக்கிற வெயிலுக்கு மதியத்துக்குள் கருகிவிடும். அடுத்த ஞாயிறு அதைப் பார்த்து மனைவி அழுவாள். அதனால் பிளாஸ்டிக் பூவளையம் ஒன்று வாங்கி வைத்தேன். சிவப்பு ரோஜா. இது வாடாது என்று சொன்னேன். அவளும் நம்பினாள். அதன்பின் நாங்கள் போவது குறைந்தது. பூ இருக்கிறதே என்று இருந்துவிட்டோம். இரண்டு கோடை போனது.

எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. திருமுடிவாக்கத்தில் பட்டறை வேலை. வெளியில் கிடக்கும் நீல டிரம் மூடி நாளாக நாளாக வெடித்துப் போகும். கூரையில் கட்டிய தார்ப்பாய் தொட்டால் கையோடு வரும். வெயில் பிளாஸ்டிக்கைத் தின்பதைத் தினமும் பார்க்கிறவன் நான். பூவும் அதுதான் என்று தோன்றவில்லை.

அன்று போனபோது வளையம் வெளுத்துக் கிடந்தது. தூக்கினேன். கம்பிதான் கையில் வந்தது. இதழெல்லாம் அப்பளம் மாதிரி உடைந்து மேட்டில் கொட்டியது. துடைப்பத்தால் பெருக்கினேன். அது தப்பு. இன்னும் பொடியாகி மண்ணோடு கலந்தது.

"வாடாத பூ வாங்கினியே மாமா, இப்ப முறத்துல போட்டுப் புடைக்கணும் போல கீது" என்றான் மச்சினன். யாரும் சிரிக்கவில்லை. அவனும் குனிந்து பொறுக்கினான்.

கிழக்கே மேகம் கட்டியிருந்தது. மனைவி அதைப் பார்த்தாள்.

"மழ வந்தா உள்ள எறங்கிடும்யா. அவ மேல குப்பையப் போட்டு வச்சிக்கீறோம். ஒண்ணு வுடாம எடு."

மூன்று பேரும் உட்கார்ந்து விரலால் பொறுக்கினோம். நொய்யரிசி அளவில் இருந்தது. சாப்பாட்டு டப்பா மூடியில் சேர்த்தோம். பாதிகூட எடுக்கவில்லை. மூன்று மணிக்கே மழை பிடித்தது. மனைவி முந்தானையை விரித்து மேட்டின்மேல் பிடித்துக்கொண்டாள். நான் தடுக்கவில்லை. பொடி மிதந்து, பக்கத்துக் கல்லறைகளைச் சுற்றி, மதில் ஓட்டை வழியாக ஏரிக் கால்வாய்க்குப் போனது. மீதி மண்ணில் இறங்கியது.

ஃபாதர் குடையோடு வந்து மந்திரித்துவிட்டுப் போனார்.

இப்போது மறுபடி ஞாயிறுதோறும் போகிறோம். நிஜப் பூ வைக்கிறோம். கருகினால் எடுத்துப் போடுகிறோம். மழை பெய்தால் மண் கரைந்து துண்டுகள் மேலே தெரியும். வெயில் அதை மறுபடி உடைக்கும். திருநாளன்று பொறுக்குவேன். எத்தனை என்று மட்டும் மனைவி கேட்பாள்.

முதல் வருஷம் நாற்பத்தொன்று. இனி குறையும் என்று நினைத்தேன். துண்டுதான் சிறுத்தது.

இந்த வருஷம் நூற்றுப் பதினாறு.