ஏ-12-4 வீட்டுக்காரரின் புகார்கள்

1. முத்திரை

என் மேஜை இழுப்பறையில் ஒரு ரப்பர் முத்திரை இருந்தது. குத்தினால் 'டாலாம் திண்டாக்கான்' என்று சிவப்பாக விழும். மலாயில், நடவடிக்கையில் இருக்கிறது என்று பொருள். யார் எடுக்கும் நடவடிக்கை, எப்போது முடியும் என்பதை அது சொல்லாது. பில்டிங் மேனேஜர் வேலைக்குப் புதிதாக வரும் இளையவர்கள் இப்படி ஒன்றைச் செய்துகொள்ளலாம். அதைத் தூக்கிப் போட எனக்கு ஏழு ஆண்டு ஆனது என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளவும்.

கெலாங் பாத்தாவுக்குப் பக்கத்தில் பதினைந்து மாடி ஃபிளாட் ஒன்றை எங்கள் கம்பெனி நிர்வகிக்கிறது. இரண்டு லிஃப்ட். ஒன்று உதிரிபாகத்துக்குக் காத்திருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே காத்திருந்தது. இன்னொன்று மனம் வைத்தால் ஓடும்.

எழுத்தில் வராத புகார் புகார் அல்ல என்பது கம்பெனி விதி. எழுத வேண்டிய பாரம், அதாவது படிவம், கீழ்த்தளத்தில், என் ஆபீசில் மட்டும்தான் கிடைக்கும். ஆக, லிஃப்ட் நின்றுவிட்டது என்று பதினோராம் மாடிக்காரர் சொல்ல நினைத்தால், பதினோரு மாடி இறங்கி வந்து, மூன்று பிரதி எழுதிக் கொடுத்து, மறுபடி பதினோரு மாடி ஏற வேண்டும். இதில் சிரிக்க ஏதோ இருக்கிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மாத அறிக்கையில் 'லிஃப்ட் புகார்: இரண்டு' என்று எழுதும்போதெல்லாம், நம் லிஃப்ட் எவ்வளவு நல்ல லிஃப்ட் என்று மனதாரப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதற்குச் சம்பளம் கிடையாது. நாலு புத்தகம் படித்தவன் என்று பெயர் வாங்கியதால், கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் வந்தால் எங்கள் தேவாலயப் பங்கு மண்டபத்தில் என்னைப் பேசக் கூப்பிடுவார்கள். அந்த டிசம்பரில் தலைப்பு 'இம்மானுவேல்'. கடவுள் மேலிருந்தபடி சுற்றறிக்கை அனுப்பிக்கொண்டு இருந்துவிடவில்லை, தாமே மனிதராகி நம் நடுவில் குடியேறினார் என்று நாற்பது நிமிடம் விளக்கினேன். கைகளை நன்றாக வீசிப் பேசினேன் என்று பிறகு என் மனைவி சொன்னாள். பாராட்டாக அல்ல.

தேநீர் நேரத்தில் செசிலி வந்தாள். பள்ளிக்கூட கேண்டீனில் வேலை. நான் பார்க்கும் அதே ஃபிளாட்டில் பதினோராம் மாடியில் குடியிருப்பவள்.

"சேவியர் அண்ணே, ஒரு சந்தேகம். சாமி வந்து பாத்துட்டுப் போனாரா, இல்ல வந்து தங்குனாரா?"

"தங்குனாரும்மா. அதுதானே விஷயமே."

"சைட் விசிட் இல்ல."

"இல்லவே இல்ல. முப்பது வருஷத்துக்கு மேல இங்கேயே இருந்தாரு."

"சும்மாதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, என் தட்டில் இன்னொரு வடையை வைத்தாள். அந்த வடையிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

2. டேவானில் கைதட்டல்

ஜனவரியில் குடியிருப்பாளர்களின் ஆண்டுக் கூட்டம். கீழே உள்ள டேவான், அதாவது பொதுக்கூடம், நிறைந்துவிட்டது. என் முதலாளி லிம் வந்திருந்தார். லிம் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுவார். இங்கே தமிழில் தருகிறேன்; பேச்சின் கடைசியில் அவர் ஒட்டும் 'லா'வை மட்டும் அப்படியே விட்டுவிடுகிறேன்.

லிஃப்ட் திருப்திகரமாக இயங்குகிறது என்று நான் அறிக்கை வாசித்து முடித்ததும் செசிலி எழுந்தாள். அவள் கணவர் அந்தோணி அண்ணனுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். சர்க்கரையில் ஒரு காலும் போய்விட்டது. அதற்கு முன் இருபது வருஷம் ஃபேக்டரி பஸ் ஓட்டியவர்.

"லிஃப்டு ரோசாக் ஆகி நின்னுட்டா எங்க வீட்டுக்காரரை பிளாஸ்டிக் நாற்காலியில வச்சு நாலு பேரு தூக்கிட்டு இறங்குறாங்க" என்றாள். "பிப்ரவரி கடைசி வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள சரியாகலன்னா பெக்கோக்குல என் தம்பி வீட்டுக்குப் போயிடுவோம். அது தரையோட இருக்கற வீடு. டயாலிசிஸுக்குத்தான் செகாமட் வரைக்கும் போகணும். அவருக்குப் போக இஷ்டமில்ல. பாலத்தைப் பாத்துட்டே இருக்கணும் அவருக்கு."

பாலம் என்பது சிங்கப்பூர் போகும் இரண்டாவது பாலம். அவர் பஸ் ஓட்டிய பாலம். பதினோராம் மாடி ஜன்னலில் தெரியும்.

"பாரம் எழுதிக் கொடுத்தீங்களா?" என்று கேட்டேன். இன்று நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

செசிலி கோபப்படவில்லை. "அண்ணே, நீங்கதானே சொன்னீங்க, சாமியே வந்து நம்மகூடத் தங்குனாருன்னு. பன்னெண்டாவது மாடியில மேனேஜ்மெண்ட் வீடு ஒண்ணு காலியாத்தானே கெடக்கு. நீங்க ஒரு மாசம் வந்து தங்குங்களேன்."

டேவானில் கைதட்டல். லிம் என் காதருகே குனிந்து என்ன விஷயம் என்று கேட்டார். சுருக்கமாகச் சொன்னேன்.

"உங்க சாமி நிஜமா அப்படிச் செஞ்சாரா?"

"ஆமா, பாஸ்."

"நல்ல கஸ்டமர் சர்வீஸ் லா" என்றவர், எழுந்து என் சார்பில் சம்மதித்துவிட்டார். இன்னொரு முறை கைதட்டல். எனக்காகக் கைதட்டிய கூட்டத்தில் கைதட்டாமல் இருந்தவன் நான் ஒருவன்தான்.

3. மகிமையோடு எழுந்தருளல்

பிப்ரவரி முதல் தேதி ஏ-12-4 வீட்டில் குடியேறினேன். பழைய மின்விசிறிகளையும் தீயணைப்புக் குழாய்களையும் போட்டு வைத்த வீடு. நடுவில் என் மெத்தை. மனைவி வரவில்லை. "நீங்க அவதாரம் எடுங்க. நான் ஞாயித்துக்கிழமை சாப்பாடு அனுப்புறேன்" என்றாள்.

முதல் வாரம் லிஃப்ட் எனக்காக ஒரு தடவைகூடத் தாமதிக்கவில்லை. 'அறிக்கை பொய் இல்லையே' என்று எனக்கே நிம்மதி. ஆறாம் நாள்தான் காரணம் தெரிந்தது. நான் காரை நிறுத்துவதைப் பார்த்ததும் நேபாளி செக்யூரிட்டி பகதூர் லிஃப்டைக் கீழே வரவழைத்து, கதவில் காலை வைத்து மறித்துக்கொண்டு நிற்பான். பதினைந்து மாடி ஜனமும் அங்கங்கே பொத்தானை அழுத்திக்கொண்டு நிற்க, நான் தனியாக மேலே போய்க்கொண்டிருந்திருக்கிறேன்.

"பகதூர், இனிமே பிடிக்காதே."

"பாஸ் சொன்னாரு சார். சாருக்குக் கஷ்டம் வரக் கூடாதுன்னு."

குழந்தையாக வந்த கடவுளுக்கு மாட்டுத் தொழுவம்தான் கிடைத்தது என்று மேடையில் குரல் தழுதழுக்கப் பேசியவன் நான். பகதூரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, அன்றைக்கு மட்டும் ஏறிக்கொண்டேன். கையில் காய்கறிப் பை இருந்தது.

4. ஒன்பதாம் மாடி நாற்காலி

மறுநாள் மாலை லிஃப்ட் நின்றது. பகதூர் வருத்தத்தோடு கைகளை விரித்தான். படியேறினேன்.

மூன்றாம் மாடி வரை நான் ஒரு மேனேஜர். ஐந்தாம் மாடியில் சட்டையின் மேல் பொத்தான் இரண்டைக் கழற்றினேன். ஏழில் என் இளமை, பிரியாணி, லிம் எல்லாரையும் வரிசையாகச் சபித்தேன். ஒன்பதாம் மாடித் திருப்பத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. பக்கத்தில் தண்ணீர் போத்தலும் கவிழ்த்து வைத்த குவளைகளும். விழுந்ததுபோல் உட்கார்ந்தேன்.

எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா காக் யா கதவைத் திறந்து பார்த்தார். "உட்காருங்க, என்சே. அவசரப்படாதீங்க" என்றார் மலாயில்; என்சே என்றால் ஐயா. சுவரில் ஆணியில் தொங்கிய அட்டை ஒன்றை எடுத்து நீட்டினார். "வீசிக்குங்க."

வீசிக்கொண்டேன். நல்ல கனமான அட்டை, லாமினேட் செய்தது. மூச்சு சீரானதும் திருப்பிப் பார்த்தேன். 'படிக்கட்டில் நாற்காலி வைப்பது தீயணைப்பு விதிக்குப் புறம்பானது. ஏழு நாட்களுக்குள் அகற்றப்படும். இப்படிக்கு, நிர்வாகம்.' அடியில் என் கையெழுத்து.

ஐந்திலும் ஒன்பதிலும் நாற்காலி போட்டு வைப்பது அந்த ஃபிளாட்டில் பல வருஷ வழக்கம். தண்ணீர் நிரப்புவது அந்தந்த மாடிக்காரர் பொறுப்பு. சோதனை வரும் நாளில் உள்ளே இழுத்துக்கொள்வார்கள். அதிகாரி போனதும் வெளியே வந்துவிடும். நான் கீழே உட்கார்ந்து எழுதிய நோட்டீஸை அவர்கள் வீணாக்கவில்லை. அதனால் மனிதருக்கு ஆன ஒரே உபயோகம் அன்று எனக்கு ஆனது.

"நல்லா காத்து வருது இல்ல?" என்றார் காக் யா. முகத்தில் சிரிப்பே இல்லை.

5. நாலாவது ஆள்

அடுத்த வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அந்தோணி அண்ணனுக்கு டயாலிசிஸ் நாள். லிஃப்ட் நின்றிருந்தது. தூக்கும் நாலு பேரில் ஒருவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். செசிலி ஒரு மாடி ஏறி வந்து என் கதவைத் தட்டினாள்.

"அண்ணே, ஒரு ஆள் குறையுது."

எனக்கு முன்பக்கத்து மூலை கிடைத்தது. படியிறங்கும்போது முன்னால் போகிறவன் மேல்தான் கனம் முழுக்க இறங்கும் என்பதை மற்ற மூவரும் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள்.

"மேனேஜரே, மெதுவா" என்றார் அண்ணன், நாற்காலியில் வேட்டியைச் சரிசெய்துகொண்டு. "தேர்ல போற மாதிரி இருக்கு. ஆனா தேரு இப்படி மூச்சு வாங்காது."

"பேசாம வாங்கண்ணே."

"பஸ்ஸு ஓட்டுனப்ப இதேமாதிரி சத்தம் வந்தா, வொர்க்‌ஷாப்புக்கு விட்டுடுவேன்."

எட்டாம் மாடியில் இறக்கி வைத்து இளைப்பாறினோம். ஏன் ஒரு தடவைகூடப் பாரம் எழுதித் தரவில்லை என்று அவரிடமே கேட்டேன்.

"கீழ போயிச் சேர்ற நேரத்துக்கு டயாலிசிஸுக்கு லேட்டு. திரும்பி வர்ற நேரத்துக்கு உங்க ஆபீஸு லஞ்சு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இவனுங்க முதுகு போயிடும்னுதான் நான் பெக்கோக்குக்கு சரின்னேன். பாலம் என்ன பாலம், அங்க போனா செம்பனை மரத்தைப் பாத்துட்டு இருக்கேன்."

குனிந்து என் மூலையை மறுபடி பிடித்தேன்.

6. புகார்கள்

அன்று மதியம் லிஃப்ட் டெக்னீஷியன் குணா வந்தார். வழக்கம்போல் எதையோ தட்டினார். லிஃப்ட் ஓடியது.

"மெயின் போர்டு போச்சு சார். மாத்தணும். ரெண்டு வருஷமாவே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன்யா மாத்தல?"

"காண்ட்ராக்ட்ல இருக்கு சார். ஒரு மாசத்துல பத்துத் தடவைக்கு மேல நின்னாத்தான் எங்க கம்பெனி மாத்தித் தரணும். உங்க லாக் புக்ல ரெண்டுதானே இருக்கு? நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

நான்தான் எழுதியிருந்தேன். அழகான கையெழுத்தில்.

அன்றிலிருந்து லிஃப்ட் நின்றபோதெல்லாம் ஏ-12-4 வீட்டுக்காரன் என்ற முறையில் பன்னிரண்டு மாடி இறங்கி வந்து, ஆபீஸைத் திறந்து, மூன்று பிரதிகளில் புகார் எழுதினேன். எழுதி முடித்ததும் எழுந்து மேஜையின் மறுபக்கம் போய் உட்கார்ந்து, மேனேஜர் என்ற முறையில் அதைப் பெற்றுக்கொண்டேன். முதல் புகாரில் பழக்க தோஷத்தால் 'டாலாம் திண்டாக்கான்' குத்திவிட்டேன். ஈர மை காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, புகார் கொடுத்தவனுக்கு அந்தச் சிவப்பைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று முதல்முறையாக எனக்குத் தெரிந்தது. முத்திரையைக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

பத்தே நாளில் பதினான்கு புகார். லிம் போன் செய்தார்.

"சேவியர், யார் இந்த ஏ-12-4? சரியான தொல்லைபிடிச்ச ஆள் லா. பேசிச் சமாளிக்க முடியாதா?"

"பேசிப் பார்த்தேன் பாஸ். கேக்க மாட்டேங்கிறான்."

"எந்த ஊர்க்காரன்?"

"நான்தான் பாஸ்."

"அலமாக்" என்று திகைத்தார். பிறகு லிஃப்ட் கம்பெனிக்கு அவரே கடிதம் எழுதினார். பிப்ரவரி கடைசி வாரத்தில் மெயின் போர்டு மாறியது. இரண்டாவது லிஃப்டின் உதிரிபாகமும், அதே லாரியில், வெட்கமில்லாமல் வந்து சேர்ந்தது. செசிலி பெக்கோக்கில் இருந்த தம்பிக்குப் போன் செய்து, வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

7. மாதம் முடிந்த பின்

இனி வீட்டுக்குப் போகலாம். போனேன். நான் புனிதன் அல்ல, எனக்கு முட்டி வலி. ஆனால் ஆபீஸைக் கீழே விட்டுவைக்கவில்லை. ஏ-12-4 வீட்டைக் கழுவிவிட்டு மேஜையை அங்கே போட்டுக்கொண்டேன். ஐந்திலும் ஒன்பதிலும் மடித்து வைக்கும் இருக்கைகளைச் சுவரோடு பொருத்தினேன். தீயணைப்பு அதிகாரியும் சரி என்றார். பக்கத்தில் கயிறு கட்டிப் புகார்ப் பாரங்கள் தொங்குகின்றன. அதன் பிறகு லிஃப்ட் எப்போதாவது நின்றால் அரை மணி நேரத்தில் குணா வந்துவிடுகிறார். வரவழைக்கிறவன் பன்னிரண்டாம் மாடியில் சாப்பாட்டுக்கு வழியில்லாமல் உட்கார்ந்திருக்கிறான் என்பதுதான் காரணம்.

இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். வந்து பார்த்துவிட்டுப் போகிறவனிடம் அறிக்கை இருக்கும். வந்து தங்குகிறவனிடம் முட்டி வலி இருக்கும். நான் கும்பிடுகிற கடவுள் இரண்டாவதை எடுத்துக்கொண்டார் என்பதை எத்தனையோ டிசம்பர்களில் பேசியிருக்கிறேன். அவர் இறங்கி வந்தார். நான் ஏறிப் போக வேண்டியிருந்தது. எது கடினம் என்று ஒப்பிடும் தைரியம் எனக்கு இல்லை.

அடுத்த திருவருகைக் காலக் கூட்டத்தைச் செசிலி தன் வீட்டில் வைத்தாள். பேச்சாளன் நான்தான். ஐந்து பக்கம் எழுதிக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸ் விடுமுறை, மின்சாரமும் விடுமுறை. ஃபிளாட் முழுக்க இருட்டு. லிஃப்ட் இரண்டும் ஒற்றுமையாக நின்றிருந்தன. பதினோரு மாடி ஏறி அவள் வீட்டு வாசலை அடைந்தபோது, உள்ளே எல்லாரும் மெழுகுவர்த்தியோடு காத்திருந்தார்கள். கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

"அண்ணே, இன்னிக்கு என்ன தலைப்பு?" என்றாள் செசிலி.

அந்தோணி அண்ணன் சக்கர நாற்காலியில் இருந்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"விடும்மா, அதான் வந்துட்டாரே" என்றார். "அந்த ஆளுக்கு முதல்ல ஒரு நாற்காலி போடு."

உட்கார்ந்தேன். எழுதிக் கொண்டுபோன ஐந்து பக்கங்களையும் மடித்து வீசிக்கொண்டேன். லாமினேட் செய்திருந்தால் இன்னும் நன்றாகக் காற்று வந்திருக்கும்.