வாசலில் கட்டிய ஷாமியானா

கல்லூரி இரண்டாம் ஆண்டில் எனக்கு ஓர் உதவித்தொகை கிடைத்தது. நகரத்துக்கு இளம் தலைவர்களை உருவாக்கும் திட்டமாம். நானும் என் தோழியும் சேர்ந்தேதான் விண்ணப்பித்தோம். அரியாங்குப்பத்தில் ஒரே தெரு, ஒரே பஸ், ஒரே வகுப்பு. நேர்காணலில் என்னை எடுத்துக்கொண்டார்கள், அவளை விட்டுவிட்டார்கள். அதிலிருந்து நான் ஏறும் பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் வர ஆரம்பித்தாள். பேச்சும் நின்றுபோனது.

சனிக்கிழமைகளில் கடற்கரைப் பக்கம் ஓர் ஏசி அறையில் பயிற்சி. கையை எங்கே வைத்துப் பேசுவது, யார் கண்ணைப் பார்த்துப் பேசுவது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யாராவது தூங்கி வழிவார்கள். என்ன தலைவியோ, பேச ஓர் ஆள் இல்லை. எனக்கு அவள் வேண்டும்போல இருந்தது.

ஆண்டு முடிவில் அவரவர் தெருவில் ஒரு கூட்டம் நடத்த வேண்டும். எங்கள் தெருக்குழாயில் உப்புத்தண்ணீர்தான் வரும். அதைப் பற்றிப் பேசலாம் என்று தெரு வாட்ஸ்அப் குழுவில் அழைப்புப் போட்டேன். காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே அதை யார் படித்தார்கள்!

அப்பா ஷாமியானாவுக்கும் நாற்காலிகளுக்கும் சொல்லிவிட்டார். மதியமே வந்து வாசலில் கட்டினார்கள். கல்யாணம், காதுகுத்து எல்லாம் மண்டபத்துக்குப் போய்விட்ட பிறகு, சாதாரண நாளில் வீட்டு வாசலில் திடீரென்று ஷாமியானாவும் நாற்காலியும் முளைத்தால் எங்கள் பக்கம் அதற்கு ஒரே அர்த்தம்தான், சாவு. எனக்கும் அப்பாவுக்கும் அது உறைக்கவே இல்லை.

முதலில் தெருக்கோடி வீட்டுக்காரர் மாலையோடு வந்தார். அப்பா நின்று நாற்காலி துடைப்பதைப் பார்த்ததும் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அடுத்தடுத்து வந்தவர்கள் விஷயம் தெரிந்து சிரித்தார்கள், சிலர் திட்டினார்கள். ஒருவரும் உட்காரவில்லை. அப்பா மைக் எடுக்க உள்ளே போனார்.

அப்போதுதான் அவள் வந்தாள். காலில் செருப்புகூட இல்லை. ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

“அப்பாவுக்கா? எப்படிடி ஆச்சு? என்னாண்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். அதற்குள் அப்பா மைக்கோடு வெளியே வந்துவிட்டார். அவள் அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“யாருக்கும் ஒண்ணும் ஆவல,” என்றேன். “தண்ணிக்காகக் கூட்டம் போடறேன்.”

“கூட்டமா?” கையை எடுத்துவிட்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “நடத்து, நடத்து. நீதான் பெரிய ஆளாயிட்டியே.”

திரும்பி நடந்தாள். நான் அப்பாவிடமிருந்து மைக்கை வாங்கி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். தெருவே எட்டிப் பார்த்தது. அவள் பார்க்கவில்லை.

அப்பா போய் முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

“ஆரம்பிம்மா,” என்றார்.

“அனைவருக்கும் வணக்கம்,” என்றேன். அப்பா மட்டும் கைதட்டினார்.