விசேஷம் விசாரித்தவர்கள்

என் மாமியாருக்கு இருக்கிற ஆர்வத்தில் கால்வாசி எனக்கு இருந்திருந்தால் நான் கலெக்டராகவே ஆகியிருப்பேன். எதிர்வீட்டு வாசலில் நிற்கிற கார் யாருடையது, பக்கத்து வீட்டுப் பெண் ஏன் வேலைக்குப் போகவில்லை, எல்லாம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் சோறு இறங்காது. கல்யாணமாகி நான் திருச்செங்கோட்டுக்கு வந்த இரண்டாவது மாதத்திலிருந்து அந்த ஆர்வம் முழுவதும் என் மேல் திரும்பியது.

"ஏஞ் சாமி, தலைக்கு ஊத்திட்டியா?"

மாதவிலக்கு வந்துவிட்டதா என்பதை அப்படித்தான் கேட்பார். நான் தலையாட்டினால் சமையலறைக் காலண்டரில் ஒரு புள்ளி வைப்பார். பால் வராத நாளும் என்னுடைய நாளும் ஒரே காலண்டரில் இருந்தன.

கல்யாண மண்டபங்களில் இன்னும் மோசம். இலையில் கை வைப்பதற்குள் பக்கத்து நாற்காலியிலிருந்து வந்துவிடும்: "ஏதாச்சும் விசேஷமுங்களா?" இல்லை என்றால் போதும். சேலத்தில் ஒரு டாக்டர், எங்கோ ஒரு நாட்டு மருந்து, மலை மேல் சுற்றி வர வேண்டிய ஒரு கல் என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். எல்லாம் என்னிடம்தான். பக்கத்தில் உட்கார்ந்து ரசம் கேட்டுக்கொண்டிருந்த என் கணவரிடம் இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் ஒருத்தர்கூடக் கேட்டதில்லை.

அவர் ரிக் லாரி வைத்து போர்வெல் போடுகிறவர். மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வதில் அப்படியொரு வெறி அவருக்கு. துளை போடும்போது வெளியே பறக்கிற கல்தூளை விரலில் தேய்த்துப் பார்ப்பார். எத்தனையாவது அடியில் கல்லின் நிறம் மாறியது என்று நோட்டில் எழுதுவார். தண்ணீர் வராத போரைப் பற்றி ஒரு வாரம் பேசிக்கொண்டிருப்பார். ஆனால் "உங்க வீட்டுக்காரரையும் ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க" என்று சேலத்து டாக்டரம்மா சொன்னதை நான் வந்து சொன்னால் முகம் இறுகிவிடும்.

"ஏனுங்க, ஒருக்காப் போய்ப் பாத்துட்டு வந்தரலாமுங்களா?"

"அதையெல்லாம் தெரிஞ்சு என்ன பண்ணப்போற? உடு."

நான் விட்டேன். சிலருக்கு ஊர் விஷயத்தில்தான் ஆர்வம், தன் விஷயம் என்றால் பயம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஸ்கேன், ஊசி, மாத்திரை என்று அலைந்தேன். என்னிடம் ஒரு குறையும் இல்லை என்று ஒரு டாக்டர் சொன்னால், குறையைக் கண்டுபிடித்துத் தருகிற அடுத்த டாக்டரைத் தேடிப் போனேன். என் புத்தியை எதால் அடிப்பது?

போன மாசியில் அவர் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் இருந்தார். செக்போஸ்ட்டில் இன்சூரன்ஸ் கேட்கிறார்கள், வண்டி ஃபைலிலிருந்து எடுத்துப் படம் பிடித்து அனுப்பு என்று ஒரு மதியம் போன் செய்தார். அந்த ஃபைல் சாமி அலமாரியில் இருக்கும். ஆயுத பூஜை சமயத்தில் வண்டி வடக்கே இருந்தால், வண்டிக்குப் பதிலாக அந்த ஃபைலைத்தான் வைத்துக் கும்பிடுவோம். எத்தனையோ தடவை அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தவள் நான். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் திறந்து பார்க்கத் தோன்றியதில்லை. மாமியாரைக் கிண்டல் செய்கிறவளின் லட்சணம் இது.

இன்சூரன்ஸுக்குக் கீழே, எஃப்.சி. காகிதங்களுக்கு நடுவே ஈரோட்டு லேப் ஒன்றின் ரிப்போர்ட் இருந்தது. அவர் பெயர். எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷத்துத் தேதி. விந்தணுக்கள் இல்லை என்று ஒரே வரி. பிரித்துப் பிரித்து மடித்ததில் காகிதம் மடிப்போரம் கிழிந்திருந்தது.

தெரிந்துகொள்ள விரும்பாத மனுஷர் என்று நான் நினைத்திருந்தேன். எங்கள் எல்லோருக்கும் முந்தித் தெரிந்துகொண்டவர் அவர்தான். தெரிந்து வைத்துக்கொண்டுதான் என்னை ஊசி போட்டுக்கொள்ள உள்ளே அனுப்பிவிட்டு, வெளியே காரில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். குழந்தை இல்லாததை நான் தாங்கிக்கொண்டேன். இதைத் தாங்க முடியவில்லை. அலமாரிக்கு முன்னாலேயே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

பிறகு இரண்டையும் படம் எடுத்தேன். இன்சூரன்ஸை முதலில் அனுப்பினேன், அடுத்து இதை அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. அப்புறம் போன் அடித்தது. ஒரு மன்னிப்பு வரும், அது இல்லாவிட்டால் ஒரு பொய்யாவது வரும் என்று போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். லாரிகளின் ஹாரன் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் தணிந்து வந்தது.

"அம்மாகிட்டக் காட்டிட்டியா?"

இந்த விஷயமாக அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.