அரைவட்ட மேசைகள்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். தரையில் கோடு போட்டது நான்தான். கண்ணால் பார்த்ததும் நான்தான். ஆறு வருடத்துக்கு முன்னால், ஜூன் மாத மழையில், சீனாவின் சூச்சோ நகரில் நான் நடத்தும் பழைய மேசை நாற்காலிக் கடையில் நடந்தது.

ஏரிக்கரை ஊரான தோங்ஷானில் ஜுவாங் அம்மாளிடம் ஒரு ஜோடி அரைவட்ட மேசை வாங்கினேன். ஈட்டி மரம். ஓர் ஆணி கிடையாது. நேர் விளிம்பில் இருந்த கால்கள் பாதிப் பருமன்தான். இரண்டு மேசைகளையும் ஒட்டி வைத்தால்தான் அவை முழுக் கால்களாகும்.

"வீட்டுக்காரர் வேலைக்குன்னு போய் முப்பது வருஷமாச்சு. எனக்கெதுக்கு இது?" என்றார். பேரமே பேசவில்லை. அதுவே எனக்கு உறுத்தியது.

கடையில் எதிரெதிர்ச் சுவர்களை ஒட்டி வைத்தேன். மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தால்... இரண்டும் நடுவில் சேர்ந்து நின்றன. முழு வட்டமாக.

கடையில் கூட வேலை பார்க்கும் கொழுந்தன் பெய்லின் சிரித்தான். "என்ன அண்ணி, அண்ணன் கப்பல்லேர்ந்து வர்றாரா? மேசையைச் சேர்த்துட்டீங்க!"

எங்கள் பக்கத்து வழக்கம் அது. வீட்டுத் தலைவர் இருந்தால் சேர்ப்பார்கள். வெளியூர் போனால் பிரிப்பார்கள்.

"உன் வேலைதானே?"

"இந்தக் கனத்தை நான் ஒத்தையில தூக்கவா? இடுப்பு போயிடும் அண்ணி."

நான் நம்பவில்லை. அவனையும் ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லிப் பிரித்து வைத்தேன். மறுநாள் கால்களைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டேன். அவனை வெளியே அனுப்பினேன். இருப்பது ஒரே கதவு. பூட்டி, சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன்.

மணி 2.40. மழைச் சத்தம் மட்டும்.

3.05. உள்ளே... ஸ்ர்ர்ர்... மரம் தரையில் உரசியது.

நின்றது.

மறுபடி... ஸ்ர்ர்ர்...

தெருமுனையில் பெய்லின் குடையோடு வந்துகொண்டிருந்தான். அப்படியானால் உள்ளே யார்?

3.07. திறந்தேன்.

சேர்ந்திருந்தன.

சுண்ணக்கோடுகள் கலையவில்லை.

பலகையைத் தொட்டேன். சில்லிட்டிருந்தது... ஓரத்தில் இரண்டு இடங்கள் தவிர. அங்கே மட்டும் சூடு. யாரோ முழங்கை ஊன்றி உட்கார்ந்திருந்த மாதிரி.

பதினோரு நாள் கழித்து ஒரு போலீஸ்காரர் வந்தார். ஜுவாங் அம்மாள் வீட்டையும் விற்றிருந்தாராம். வாங்கியவர் கூடத்துத் தரையைப் பெயர்த்தபோது ஓர் ஆணின் எலும்புக்கூடு. வீட்டுக்காரர் எந்த ஊருக்கும் போகவே இல்லை.

"பிடிச்சதுலேர்ந்து அந்தம்மா வாயே திறக்கல," என்றார். "ஒண்ணே ஒண்ணுதான் திரும்பத் திரும்பக் கேக்குது."

"என்ன?"

"மேசை ரெண்டும் அங்கயாவது பிரிஞ்சு இருக்கான்னு."